ஸ்டாண்டு இல்லாமல் ஆறுக்கு ஆறு

மாமல்லபுரத்துச் சின்னங்களில் ஸ்டாண்டு போட்டுப் படமெடுக்க வேண்டுமானால் இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கேமராவைக் கையில் வைத்து எடுப்பவர்களை யாரும் தடுப்பதில்லை. படமெடுக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல விதியை யாரும் எழுதியிருக்க முடியாது என்று மனதாரச் சொல்கிறேன். இந்த ஒரு விதியால்தான் நான் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள யாஷிகா மேட் 124ஜி-யைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கைப்பிடியிலேயே ஊசிமுனை போன்ற படம் எடுக்கப் பழகினேன். பழகியபின் கிடைத்த நெகட்டிவ்களை லூப் என்ற சின்னப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்தை நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆறுக்கு ஆறு என்று நாம் சொல்லும் நெகட்டிவின் உண்மையான அளவு 56 மில்லிமீட்டர் சதுரம். சாதாரண 35 மி.மீ. ஃபிலிமின் சட்டத்தை விட மூன்றரை மடங்குக்கும் மேல் பரப்பு. மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசுப் பாறைச் சிற்பத்தில் ஒற்றைக் காலில் தவம் செய்பவரைப் போலவே கையைத் தூக்கிக்கொண்டு ஒரு பூனை நிற்குமே, அதன் காலடியில் எலிகள் இருக்குமே, அந்த மூலையை மட்டும் லூப்பில் பாருங்கள். உளி போன தடம் தெரியும். கருங்கல்லின் பொடி மணிகள் தனித்தனியாகத் தெரியும். முழுப் பாறையையும் ஒரே சட்டத்தில் அடக்கி எடுத்த படத்தில் இது! முதல் தடவை பார்த்தபோது நான் வாய்விட்டே கத்திவிட்டேன். இன்றைக்கும் ஒவ்வொரு ரோலுக்கும் அதே பரவசம்தான்.

ஆனால் இந்த நுணுக்கம் முழுவதும் ஒரு நூலிழையில் தொங்குகிறது. ஷட்டர் திறந்திருக்கும் அந்தக் கண நேரத்தில் கை கொஞ்சம் ஆடினால் போதும், பூனையும் போச்சு, எலியும் போச்சு. ஸ்டுடியோக்காரர்கள் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்: "ஷேக்." அதற்காகத்தான் ஆறுக்கு ஆறு போன்ற மீடியம் ஃபார்மட் என்றாலே ஸ்டாண்டு வேண்டும், கையில் பிடித்தால் உருப்படாது என்று ஒரு பேச்சு காலங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சைத்தான் நான் ஒத்துக்கொள்வதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 அங்குலச் சதுரமாக ஒரு பிரின்ட் போட வேண்டும். 35 மி.மீ. நெகட்டிவின் குட்டைப் பக்கம் 24 மி.மீ.; அதைப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டும். ஆறுக்கு ஆறை ஐந்தரை மடங்கு பெரிதாக்கினால் போதும். இரண்டிலும் சாதாரண லென்ஸ் மாட்டியிருக்கிறோம். அதில் 50 மி.மீ., இதில் 80 மி.மீ. கை ஒரே அளவு ஆடினால் 80 மி.மீ. லென்ஸ் ஃபிலிமில் கூடுதலாக இழுக்கும், உண்மைதான். ஆனால் பிரின்டில் பெரிதாக்குவது பாதிக்கும் குறைவு என்பதால் கடைசியில் கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் ஆறுக்கு ஆறில்தான் குறைவு. பழி வேறு காரணங்களால் வந்தது. 35-இல் எஃப்/1.8 லென்ஸ் சர்வசாதாரணம், யாஷிகாவில் எஃப்/3.5. அங்கேயே இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போய்விடுகிறது. ஃபோகஸ் ஆழம் குறைவு என்று துவாரத்தை இன்னும் சுருக்குவோம். ஷட்டர் வேகம் மேலும் இறங்கும். இது போதாதென்று, நெகட்டிவ் பெரிதாக இருக்கிறதே என்று இரண்டடி பிரின்ட் போட்டு மூக்கை ஒட்டி வைத்துப் பார்ப்போம். கேமராவின் குற்றம் இதில் எதுவும் இல்லை.

நம் ஊர் இந்தக் கேமராக்களுக்குப் புதிதும் இல்லை. ரோலைஃப்ளெக்ஸ் 1929-இல் ஜெர்மனியில் வந்தது. அந்த அச்சில் வந்த ஜப்பானிய யாஷிகாக்கள் தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளிலெல்லாம் சுற்றியவை. வீட்டு ஆல்பத்தில் சதுரமான கறுப்பு-வெள்ளைப் படம் இருந்தால் அது பெரும்பாலும் இப்படி ஓர் இரட்டைக்கண் கேமரா கொடுத்ததுதான், இல்லாவிட்டால் ஆக்ஃபா கிளிக் 3. அந்தக் கிளிக்கில் ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்று, ஏறக்குறைய 1/30 விநாடி. "ஆடாம நில்லுங்க" என்று பெரியப்பா ஏன் அப்படிக் கத்தினார் என்பது இப்போது புரியும். உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்த காலம் அது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து மின்னுருவாக்கியிருக்கிறது. அதைப் பார்த்தால் நம் ஆட்கள் எப்படிப்பட்ட கைகாரர்கள் என்று தெரியும். வடக்கே பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா ரோலைஃப்ளெக்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் டெல்லியின் தலைவர்கள் நடுவே ஓடியாடிப் படமெடுத்தார். 2011-இல் பத்ம விபூஷண் வாங்கிய கைகள் அவை. கூட்டத்துக்கு நடுவே ஸ்டாண்டு விரிக்க அவருக்கு ஏது நேரம்?

சரி, பிடிக்கும் விதத்துக்கு வருகிறேன். என் சந்தோஷத்தின் மையமே இதுதான்.

கழுத்து வாரைக் குட்டையாக்குங்கள். கேமரா நெஞ்சுக்குழிக்குக் கீழே, வயிற்றுக்கு மேலே நிற்க வேண்டும். இரண்டு கைகளாலும் அதைக் கீழ்நோக்கி மெதுவாக அழுத்துங்கள். வார் விறைத்துக்கொள்ளும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். இப்போது கேமராவைக் கழுத்தும் இரண்டு கையும் வயிறும் சேர்ந்து பிடித்திருக்கின்றன. ஸ்டாண்டுக்குக் கால் மூன்று. உங்களுக்குப் பிடி நான்கு. கண்ணருகே தூக்கிப் பிடிக்கும் கேமராவில் இப்படி ஒரு பிடிப்பு கிடைக்கவே கிடைக்காது.

அடுத்தது ஷட்டர் பட்டன் இருக்கிற இடம். இதை வடிவமைத்தவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. நம் வழக்கமான கேமராக்களில் பட்டன் மேலே ஒரு மூலையில் இருக்கும். அழுத்தினால் அந்த மூலை கீழே சாய்கிறது, கேமரா துளி சுழல்கிறது. யாஷிகாவிலும் ரோலைஃப்ளெக்ஸிலும் பட்டன் முன்பக்கத்தில், அடிப்பகுதியில். அதைப் பின்னோக்கி, நம் உடம்பை நோக்கி அழுத்துகிறோம். அழுத்த அழுத்தக் கேமரா வயிற்றோடு இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. விரலின் விசை ஆட்டத்தைக் கொடுப்பதற்குப் பதில் பிடிப்பைக் கொடுக்கிறது! எத்தனை விளம்பரங்களில் எத்தனை நுட்பங்களைப் பற்றிப் படித்திருப்போம். இதற்கு ஈடாக ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

மூச்சு. செங்கல்பட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னது: "மூச்சை இழுத்துப் புடிக்காதீங்க தம்பி. பாதி விட்டுட்டு, அந்த எடத்துல அமுக்குங்க." இழுத்துப் பிடித்தால் நெஞ்சு துடிப்பது கேமராவில் தெரியும். பாதி விட்டு நிறுத்தினால் உடம்பு தளர்ந்து நிற்கும். பட்டனைத் தட்டக் கூடாது. சும்மா மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும், ஷட்டர் எப்போது விழுந்தது என்று நமக்கே தெரியாத அளவுக்கு. விழுந்த பிறகும் விரலை உடனே எடுக்காமல் ஒரு கணம் அப்படியே இருங்கள்.

இந்தப் பிடியில் 1/60 எனக்கு அநேகமாகத் தவறுவதில்லை. 1/30-இல் ஒரே காட்சியை இரண்டு மூன்று சட்டம் எடுத்தால் ஒன்று நிச்சயம் கூர்மையாக வரும். லென்ஸின் நீளத்துக்குச் சமமான வேகம் என்று பழைய விதி ஒன்று உண்டு, 80 மி.மீ.-க்கு 1/80, அதாவது டயலில் 1/125. பெரிய பிரின்ட் போடப் போகிறீர்கள் என்றால் அதற்கும் ஒரு படி மேலே 1/250 வையுங்கள். வெளிச்சம் இருக்கும்போது வேகத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இரட்டைக்கண் கேமராவில் கண்ணாடி நகர்வதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் எடுப்பதற்கு; நடுவே உள்ள கண்ணாடி அசையாமல் கிடக்கும். ஷட்டர் என்பது லென்ஸுக்குள் விரியும் மெல்லிய இதழ்கள் மட்டுமே. தீப்பெட்டியை நகத்தால் சுண்டினது போல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். ஹாசல்பிளாட் 500 வரிசையில் ஷட்டர் இதே இதழ் வகை என்றாலும் உள்ளே கண்ணாடி ஒன்று தூக்கி அடிக்கும். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: பக்கவாட்டில் உள்ள சின்ன நெம்புகோலைத் தட்டினால் கண்ணாடி முதலிலேயே மேலே போய்விடும், பிறகு நிதானமாக அழுத்தலாம். புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் ஹாசல்பிளாடை இடுப்பருகே பிடித்து எடுத்த படங்களின் அமைதியைப் பாருங்கள். 2022-இல் ஹாசல்பிளாட் விருதே அவரைத் தேடி வந்தது. பென்டாக்ஸ் 67-இன் கண்ணாடியும் துணி ஷட்டரும் பெரியவை, அடியும் பெரியது; அதைக் கையில் பிடிப்பவர்கள் 1/250-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. 1969-இல் நிலவில் இறங்கியவர்கள் கொண்டுபோன ஹாசல்பிளாடில் கண்ணாடியே கிடையாது. அதை விண்வெளி உடையின் மார்பில் மாட்டிக்கொண்டு எடுத்தார்கள். மார்போடு சேர்த்துப் பிடிக்கிற நம் கலைக்கு நிலவு வரைக்கும் சாட்சி இருக்கிறது என்பதில் எனக்குச் சொல்ல முடியாத பெருமை.

இனி மாமல்லபுரம். மறைமலைநகரில் மின்சார ரயில் ஏறினால் சிங்கப்பெருமாள் கோவில், பரனூர் தாண்டி, கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டே செங்கல்பட்டு. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். விடிந்ததும் போய்ச் சேர வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் வெளிச்சத்துக்குத் திசை உண்டு. அர்ச்சுனன் தபசு கிழக்கு பார்த்த பாறை. கடலிலிருந்து எழும் சூரியன் நேராக அதன்மேல் விழும். 400 ஃபிலிமில் எஃப்/11-இல் 1/250 தாராளமாகக் கிடைக்கும். மத்தியானத்துக்கு மேல் பாறை நிழலில் போய்விடும், அப்போதும் எஃப்/5.6-இல் அதே வேகம் வைக்கலாம்.

குகைகள்தான் சவால், குகைகள்தான் விருந்தும். மகிஷாசுரமர்த்தினி மண்டபம் கிழக்கு பார்த்தது, வராக மண்டபம் மேற்கு பார்த்தது. காலையில் முதலாவதற்கும் மாலையில் இரண்டாவதற்கும் போகிறவருக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சம் இலவசம். மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தின் வடக்குச் சுவரில் சிங்கத்தின் மேல் துர்க்கை பாய்ந்து வருகிறாள். எதிரே தெற்குச் சுவரில் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். ஒரு சுவரில் போர், மறு சுவரில் உறக்கம். 400 ஃபிலிமில் எஃப்/3.5 முழுக்கத் திறந்தும் மீட்டர் 1/30 என்றுதான் காட்டும். நான் இங்கே ஹெச்பி5 என்ற 400 ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்து, டெவலப்பரில் கூடுதல் நேரம் வைக்கிறேன். இரண்டு ஸ்டாப் ஏறி 1/125 கிடைக்கிறது. ஐடி-11 டெவலப்பரில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம் என்பது பதினான்கு நிமிடமாகும். சித்திரை வெயிலில் எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரை 20 டிகிரிக்குக் கொண்டுவர ஐஸ்கட்டி வேண்டும், மற்றபடி சுலபம். குறுமணி கொஞ்சம் கூடும். பாறைச் சிற்பத்துக்கு அந்தக் குறுமணி அழகாகவே அமைகிறது. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பிடிமானத்துக்காகத் தூணிலோ சிற்பத்திலோ சாயாதீர்கள். ஆயிரத்து முன்னூறு வருஷத்துக் கல் அது. தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, மறு முழங்கால் மேல் கேமராவை வைத்தாலே 1/15 வரைக்கும் இறங்கலாம். இடுப்பளவில் குனிந்து பார்க்கும் கேமராவுக்கு அந்த உயரம் பொருத்தமானதும்கூட.

நம் கை நின்றுவிட்டாலும் எதிரில் இருப்பவர் நிற்க வேண்டுமே. தெருவெங்கும் உளிச் சத்தம் கேட்கிற ஊர் இது. 1957 முதல் சிற்பக் கல்லூரியே இருக்கிறது. சுத்தியலை ஓங்கும் கையைக் கவனியுங்கள். மேலே போய், இறங்குவதற்கு முன் ஒரு கணம் நிற்கும். அந்த உச்சியில் எடுத்தால் 1/125 போதும். இறங்கும்போது எடுத்தால் 1/500-ம் போதாது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் அடியின் தாளம் நம் விரலுக்கே வந்துவிடும். "என்ன சார், எடுக்கலையா?" என்று கேட்ட சிற்பியிடம், "உங்க கையை எண்ணிட்டிருக்கேன்ணே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அடியை மாற்றாமல் அடித்துக் கொடுத்தார். தங்கமான படம் அது.

கடற்கரையில் கரைவலை இழுக்கும் நாளில் போய்விட்டால் பாக்கியம். ஐந்து மீட்டர் தள்ளி ஒருவர் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் குறுக்காக நடக்கிறார் என்று வையுங்கள். 80 மி.மீ. லென்ஸில் அவர் உருவம் ஃபிலிமின் மேல் விநாடிக்கு 16 மி.மீ. நகரும். 1/125-இல் அது 0.13 மி.மீ. இழுப்பு; 12 அங்குலப் பிரின்டில் முக்கால் மில்லிமீட்டர் ஆகிக் கண்ணில் உறுத்தும். 1/500-இல் 0.03 மி.மீ.; யாருக்கும் தெரியாது. அதே ஆள் கேமராவை நோக்கி நேராக வந்தால் 1/125-ம் போதும், சாய்வாக வந்தால் 1/250. ஆகவே வலைக்குப் பக்கவாட்டில் நிற்பதைவிட இழுக்கும் வரிசையின் நேருக்குப் போய் நில்லுங்கள். குரல் கொடுத்து இழுத்து, அடுத்த இழுப்புக்கு முன் எல்லோரும் ஒருசேர நிற்கும் இடைவெளி ஒன்று வரும்; முகங்களில் உழைப்பு அப்படியே இருக்கும், உடம்பு மட்டும் நின்றிருக்கும். அதற்காகக் காத்திருங்கள். குறுக்கே ஓடுகிறவரைப் பின்தொடர்ந்து எடுக்க வேண்டுமானால், இடுப்புத் திரையில் இடவலம் மாறித் தெரிவதால் கை தடுமாறும். யாஷிகாவின் மூடியின் முன்பலகையை உள்ளே தள்ளினால் சதுர ஓட்டை ஒன்று திறக்கும். அதைக் கண்ணோடு ஒட்டிப் பார்த்தால் நேராகத் தெரியும். கடல் காற்று ஏறிய பின் காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். திறந்த மூடியில் காற்று புகுந்தால் கேமரா நடுங்கும்.

நெகட்டிவ் கைக்கு வந்ததும் லூப்பில் மூன்று விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டு, வெளிச்சப் புள்ளிகள் சின்னக் கோடுகளாகியிருந்தால் அது கை ஆட்டம். பின்னணி கூர்மை, ஆள் மட்டும் கலங்கல் என்றால் ஆள் அசைந்தது. ஆள் மங்கல், அவருக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ ஏதோ ஒன்று பளிச்சென்று இருக்கிறது என்றால் அது ஃபோகஸ். மூன்றாவதைத்தான் பலர் 'ஷேக்' என்று தப்பாகச் சொல்கிறார்கள். எஃப்/3.5-இல் மூன்று மீட்டரில் ஃபோகஸ் ஆழம் அரை மீட்டர்தான். ஒன்றரை மீட்டரில் ஒரு சாணுக்கும் குறைவு. நின்ற இடத்தில் உடம்பு லேசாக முன்னால் சாய்ந்தாலே கண்ணிலிருந்து காதுக்குப் போய்விடும். மூடிக்குள் மடங்கியிருக்கும் பூதக்கண்ணாடியை நிமிர்த்தி, புருவத்தை மூடியோடு ஒட்டி ஃபோகஸ் செய்யுங்கள். பிடிமானமும் ஒன்று கூடும்.

டிஜிட்டலில் மீடியம் ஃபார்மட் வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம்தான். 2019-இல் வந்த ஃபூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 100-இல் சென்சாரே அசைந்து கை ஆட்டத்தைச் சரிசெய்கிறது. பிறகு வந்தவை இன்னும் நன்றாகச் செய்கின்றன. அருமையான வசதி. ஆனால் பத்துக் கோடிப் புள்ளிகள் உள்ள சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் 3.76 மைக்ரான்தான், மிகச் சிறிய ஆட்டமும் திரையில் நூறு சதவீதத்தில் தெரிந்துவிடும். வலை இழுக்கிறவரின் கையை எந்தச் சென்சாரும் நிறுத்தித் தராது. அதற்கு ஷட்டர் வேகம்தான், சரியான கணம்தான்.

வீட்டுப் பரணில் தாத்தாவோ சித்தப்பாவோ விட்டுப்போன இரட்டைக்கண் கேமரா இருந்தால் இன்றைக்கே இறக்குங்கள். பின்மூடியைத் திறந்து வைத்து ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை விட்டுப் பாருங்கள். பழைய கிரீஸ் இறுகி, ஒரு விநாடி, அரை விநாடி மட்டும் மாட்டிக்கொள்ளும், வேகமானவை பெரும்பாலும் ஓடும். நமக்கு வேண்டியதும் அவைதான். 124ஜி-யின் மீட்டருக்கான பாதரச பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. செல்போனில் உள்ள மீட்டர் செயலி போதும். 400-க்குக் குறையாத 120 ஃபிலிம் ஒன்று வாங்கி மாட்டுங்கள், வாரைக் குட்டையாக்குங்கள், டயலை 1/250-இல் வைத்து மாமல்லபுரத்துக்குப் புறப்படுங்கள். பன்னிரண்டு சட்டம்தான், ஒன்றையும் அவசரத்தில் அமுக்காதீர்கள்.